பைன் மரத்தின் மேல் பழி போடும் முன்

போன மழைக்காலத்தில் மூன்று மாணவர்களோடு ஊட்டிப் பக்கம் மண் எடுக்கப் போயிருந்தேன். மரம் மாறினால், மண் மாறினால் பூஞ்சைக் கூட்டம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை. பதினைந்து வருடத்துக்கு முன்னால் நான் செய்த அத்தனை சொதப்பலையும் ஒன்று விடாமல் அவர்களும் செய்தார்கள். கையுறை போடு, அனுமதி வாங்கு, கவர் மேல் இடத்தின் பெயரை எழுது என்பதையெல்லாம் எந்த வழிகாட்டியும் சொல்லிவிடுவார், அதை விட்டுவிட்டு அந்தச் சொதப்பல்களை மட்டும் சொல்கிறேன்.

காளானை எண்ணிவிட்டுக் கிளம்புவது

பைன் தோட்டத்துக்குள் நுழைந்தால் ஊசிச்சருகைத் தள்ளிக்கொண்டு சுய்லஸ் காளான்கள் நிற்கும். வழவழவென்று தொப்பி, திருப்பிப் பார்த்தால் செவுள் மடிப்புக்குப் பதிலாக ஸ்பாஞ்சு மாதிரி துளைகள். அப்புறம் சோலைக்குள், அதாவது மலை மடிப்பில் தானாக வளர்ந்த காட்டுக்குள், போனால் மட்கிய கட்டையில் நாலைந்து இருந்தால் அதிகம். உடனே நோட்டில் எழுதிவிடுகிறார்கள், சோலையில் பூஞ்சை குறைவு என்று.

குறைவெல்லாம் இல்லை. நாவல் இனங்கள், லாரல் குடும்ப மரங்கள் என்று சோலையில் இருக்கும் பெரும்பாலான மரங்கள் கூட்டு வைத்திருப்பது வேர் செல்லுக்குள்ளேயே குடியிருக்கும் ஆர்பஸ்குலர் பூஞ்சைகளோடு. உரக்கடையில் ‘வேம்’ என்று விற்கிறார்களே, அதே கூட்டம்தான். அவை காளானே விடாது. உலகத் தாவரங்களில் சுமார் 70 சதவீதம் இந்தக் கட்சி. பைன், வேர் நுனியை உறை போட்ட மாதிரி போர்த்திக்கொள்ளும் பூஞ்சைகளின் கட்சி, தாவர வகைகளில் 2 சதவீதம்தான் இதில் சேரும். பைன் வேரைக் கழுவி லென்ஸில் பார்த்தால் நுனிகள் குட்டையாக உப்பி, கவட்டை போல இரண்டாகப் பிரிந்திருப்பது தெரியும். சோலை மர வேரில் அப்படி எதுவும் தெரியாது, காரக் கரைசலில் (அல்கலி) வேகவைத்து நீலச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால்தான் உண்டு.

ஐ.டி.எஸ். மட்டும் போதும் என்பது

போதாது. ஐ.டி.எஸ். என்பது பூஞ்சையை அடையாளம் காணப் படிக்கும் டி.என்.ஏ. பகுதி. ஆர்பஸ்குலர் பூஞ்சைகள் அதில் பாதி நழுவிவிடும், சோலை என்றால் 18எஸ் என்ற இன்னொரு டி.என்.ஏ. பகுதியையும் சேர்த்துப் படியுங்கள்.

புல்வெளியை மறப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தரும் தவறு இது, இரண்டு மழைக்காலத்தை விழுங்கியது. சோலையில் 40, பைன் தோட்டத்தில் 40 என்று மாதிரி எடுத்தேன். இரண்டு பூஞ்சைப் பட்டியலும் எண்ணெயும் தண்ணீரும் போலப் பிரிந்து நின்றன. பைன் வந்து சோலைப் பூஞ்சைகளை விரட்டிவிட்டது என்று பெருமையாக எழுதி ஒரு மூத்தவரிடம் கொடுத்தேன். அவர் முதல் பக்கத்தைத் தாண்டவே இல்லை. “பைன் நடுறதுக்கு முன்னாடி அங்க என்னப்பா இருந்துச்சு?”

புல்வெளி. நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைகள் மலை மடிப்புகளிலும் ஓடை ஓரங்களிலும் ஒதுங்கியிருக்கும், மேட்டுச் சரிவெல்லாம் புல். பைன், கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சீகை (வாட்டில் மரம்) எல்லாவற்றையும் பெரும்பாலும் அந்தப் புல்லின் மேல்தான் நட்டார்கள். ஆக, நான் ஒப்பிட்டது இரண்டு மரக்கூட்டங்களை மட்டுமல்ல, மடிப்பையும் மேட்டையும், ஈர மண்ணையும் வடிந்த மண்ணையும் சேர்த்துத்தான். மரம் செய்தது எவ்வளவு, மண் செய்தது எவ்வளவு என்று அந்த 80 கவரை வைத்துக்கொண்டு யாராலும் பிரிக்க முடியாது. விரட்டியது என்ற பேச்சுக்கே இடமில்லை, அந்த மேட்டில் சோலைப் பூஞ்சை இருந்திருக்குமா என்பதே சந்தேகம்.

மரம் மண்ணை மாற்றும் என்பது உண்மைதான். ஊசிச்சருகு மெதுவாக மட்கி மேல்மண்ணில் அமிலத்தைக் கூட்டும், சீகை வேர்முடிச்சு காற்றின் நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்க்கும். ஆனால் மண்ணுக்கும் தட்பவெப்பத்துக்கும் தனிக் கணக்கு உண்டு. உலகம் முழுக்க 365 மண் மாதிரிகளை அலசி 2014-ல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அதில் தட்பவெப்பம்தான் முதலில் நின்றது, பி.எச். (அமில-கார அளவு) போன்ற மண் குணங்கள் அதற்குப் பின்னால். செடி வகை கூடினால் பூஞ்சை வகையும் கூடும் என்ற எதிர்பார்ப்பு, வேர்நுனியைப் போர்த்தும் பூஞ்சைகளைத் தவிர மற்றவற்றில் பலிக்கவில்லை.

சுய்லஸ் கதையே வேறு. பைன் குடும்பத்தை விட்டால் அதற்குப் பிழைப்பில்லை, தென்னிந்தியாவில் இயற்கையாகப் பைன் கிடையாது. அப்படியென்றால் அது நம் மண்ணில் விளைந்ததல்ல, வந்து சேர்ந்தது. கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவில் நட்ட பைன் நாற்றுகள் வருடக்கணக்காகச் சோகை பிடித்துச் செத்துக்கொண்டிருந்தன, 1955-ல் அமெரிக்காவின் பைன் காட்டிலிருந்து பூஞ்சையோடு மண்ணைக் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் நிமிர்ந்தன.

ஆகவே ஒரே சரிவு, ஒரே உயரம், அதில் பைனும் மிச்சமிருக்கும் புல்வெளியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இடமாகத் தேடுங்கள், சோலை மூன்றாவதாக வரட்டும். நட்டதற்கு முன் என்ன இருந்தது என்று பழைய வனப் பதிவுகளில் பாருங்கள். இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகும் என்னோடு வந்த ஒரு பையன், “புல்வெளியில மரமே இல்லையே சார், அங்க எதுக்கு?” என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பதினைந்து வருடத்துக்கு முந்தைய என்மேல் வந்த கோபம், பாவம் அவன் வாங்கிக்கொண்டான்.

சருகையும் மண்ணையும் ஒரே கவரில் போடுவது

புதிதாக விழுந்த சருகில் மட்கவைக்கும் பூஞ்சைகள், அதற்குக் கீழே வேரோடு வாழ்பவை. ஸ்வீடனில் ஒரு பைன் காட்டில் அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்து 2007-லேயே இதைக் காட்டிவிட்டார்கள். சில சென்டிமீட்டர் ஆழத்துக்குள் ஆளே மாறிவிடுகிறது, நீங்கள் கரண்டியால் கிளறிக் கலந்துவிடுகிறீர்கள்.

ஒரே தோட்டத்தில் பத்துக் குழி

அது பத்துத் தனித்தனி மண் மாதிரிகள் ஆகாது, கணக்குக்கு ஒரே ஒரு மாதிரிதான்.

மண்ணை பஸ்ஸில் ஊறவைப்பது

அன்றைக்கே ஐஸ், இல்லையென்றால் அன்றைக்கே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல். மூன்றாம் நாள் கவரைத் திறந்தபோது எனக்குக் கிடைத்தது பச்சைப் பூசணமும் ஊறுகாய் ஜாடி வாசனையும்தான்.