காரைக்குடியில் நிருபராகச் சேரும் முன் விசாரிக்க வேண்டியவை

சம்பளத்துக்கு முன்னால் விளம்பர டார்கெட்டைக் கேளுங்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பகுதிநேர நிருபர் வேலை கெடுவது பெரும்பாலும் அங்கேதான். தீபாவளி மலர், பொங்கல் மலர், கும்பாபிஷேக மலர் என்று ஒவ்வொன்றுக்கும் "இத்தனை ரூபாய்க்கு விளம்பரம் பிடித்துக் கொடு" என்று நிருபரிடமே சொல்வார்கள். காலையில் குடிநீர்ப் பிரச்சினைக்காக யாரைக் கேள்வி கேட்டீர்களோ, மாலையில் அவர் வீட்டு வாசலிலேயே வாழ்த்து விளம்பரத்துக்காக நிற்க வேண்டிவரும். அதன்பிறகு அந்தச் செய்தியை எழுதக் கை வராது. டார்கெட் உண்டா, எட்டாவிட்டால் என்ன ஆகும், விளம்பரம் கொடுத்தவர் காசு தராவிட்டால் யார் கணக்கில் கழிப்பார்கள் என்ற மூன்றுக்கும் தெளிவான பதில் வாங்குங்கள். மழுப்பினால் டார்கெட் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்த வேலையை விட்டுப் போனவரைத் தேடிப் பிடியுங்கள். மாநகராட்சி அலுவலக வாசலில் நிற்கும் மற்ற நிருபர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். "ஆபீஸ் எப்படி இருக்கு?" என்று கேட்டால் "பரவாயில்ல" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "அண்ணே, கடைசி மாசப் பணம் எந்தத் தேதி ஏறுச்சு? நைட்டு டெஸ்க்லருந்து எத்தனை மணி வரைக்கும் போன் வரும்?" என்று கேளுங்கள். டெஸ்க் என்பது அலுவலகத்தில் செய்தியைத் திருத்தி வெளியிடும் பிரிவு. தேதியும் மணியும் கேட்டால் உண்மை வந்துவிடும்.

பயணப்படி இல்லாத இடத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குச் சிவகங்கை போய்வர ஏறக்குறைய 90 கிலோமீட்டர். பைக்குக்கு இரண்டு லிட்டர் பெட்ரோல். வெளியாகும் ஒரு செய்திக்கு 100 ரூபாய் என்று கூலி பேசியிருந்தால், இரண்டு செய்தி வந்தாலும் பெட்ரோலுக்கே சரியாகிவிடும். சிறாவயல் மஞ்சுவிரட்டில் மாடு முட்டினாலோ கேமரா உடைந்தாலோ செலவு யாருடையது? அவதூறு வழக்கு வந்தால் வக்கீலை நிறுவனம் வைக்குமா? இரண்டையும் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கையெழுத்துப் போடும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். "பத்திரிகைப் பணி எனக்கு உபதொழில்தான்" என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். பத்திரிகைப் பணியை முதன்மைத் தொழிலாகக் கொண்டவர் பகுதிநேரமாக வேலை பார்த்தாலும் சட்டப்படி உழைக்கும் பத்திரிகையாளர்தான். அந்த ஒரு வரி அந்த உரிமையைப் பறிப்பதற்கானது. உண்மையில் உங்களுக்கு வேறு தொழில் இல்லையென்றால் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி நியமனக் கடிதம் கட்டாயம். தொலைக்காட்சி, இணைய ஊடகச் செய்தியாளர்களும் அதில் அடக்கம். பிஎஃப் பிடிப்பதாகச் சொன்னால் யுஏஎன் எனப்படும் உங்கள் பிஎஃப் எண்ணைக் கேட்டு வாங்கி, மூன்றாம் மாதம் பிஎஃப் பாஸ்புக்கைப் பாருங்கள். உங்கள் பங்கு ஏறியிருக்கிறதா, நிறுவனத்தின் பங்கு ஏறியிருக்கிறதா என்று தனித்தனியே பார்க்க வேண்டும்.

பெண் நிருபர்கள், பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள் புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அது இருந்தே ஆக வேண்டும். புகாருக்குக் காலவரம்பு மூன்று மாதம். அதற்கும் குறைவான ஆட்கள் உள்ள இடம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு இருக்கிறது.

சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு வையுங்கள். தேதி, அனுப்பிய செய்தி, அனுப்பிய நேரம், வெளியான பக்கம், ஓடிய கிலோமீட்டர், வந்த பணம் என ஆறு கட்டம் போதும். அன்றன்றே எழுத வேண்டும். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதிய கணக்கைக் கணக்குப் பிரிவு ஒரே கேள்வியில் தள்ளிவிடும். டெஸ்க்கில் வாய்மொழியாகச் சொன்னதை "நீங்கள் சொன்னபடி இன்று தேவகோட்டை போகிறேன்" என்று அப்போதே வாட்ஸ்அப்பில் திருப்பி அனுப்பிவிடுங்கள். குரூப்பில் போடாமல் சொன்னவருக்கே தனியாக அனுப்புங்கள். நிறுவனக் குரூப்பிலிருந்து உங்களை நீக்கிவிட்டாலும் இது உங்கள் போனில் இருக்கும்.

விலகும்போது ஐடி கார்டு, மைக், லோகோ எல்லாவற்றையும் ஒப்படைத்த ரசீதில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். பாக்கிச் சம்பளம் இரண்டு வேலை நாளுக்குள் வந்தாக வேண்டும் என்பது சட்டம். அந்த ரசீதின் நகலோடு நோட்டுக் கணக்கையும் சேர்த்து அன்றைக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.