நிலத்தைச் சமன்படுத்தும் முன் கல்வட்டம் உள்ளதா எனப் பாருங்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பாறைக் குன்றுகளை ஒட்டிய மேட்டு நிலத்தை வாங்குவோரும் பொக்லைன் வைத்துச் சமன்படுத்துவோரும், வேலையைத் தொடங்கும் முன் ஒருமுறை நிலம் முழுவதும் நடந்து பார்ப்பது நல்லது. பெரிய உருண்டைக் கற்கள் வட்டமாகப் பாதி புதைந்திருந்து, நடுவில் சிறுகற்கள் மேடாகக் குவிந்திருந்தால், அது பெரும்பாலும் கல்வட்டம் எனப்படும் பெருங்கற்கால ஈமச்சின்னமாகும், அதாவது பழங்காலத்தில் இறந்தோரைப் புதைத்துக் கற்களால் அடையாளமிட்ட இடம். பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்த கல்திட்டைகளும் உண்டு. அவற்றில் பலவற்றின் ஒரு பக்கப் பலகையில் வட்டமான துளை இருக்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரத்தில் இவற்றை நேரிலேயே காணலாம். ஊரார் ‘பாண்டவர் வீடு’ என்று சொன்னால் அதைக் கதையென்று தள்ளிவிட வேண்டாம், அந்தப் பெயரே பல இடங்களில் நல்ல அடையாளம்.

மத்திய அரசு பாதுகாத்துவரும் சின்னமாக இருந்தால், அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்திற்குத் தடை உள்ளது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை முன் அனுமதி பெற வேண்டும். சின்னத்தைச் சிதைப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க தொன்மைச் சின்னங்களைப் பாதுகாக்கும் 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் இடமளிக்கிறது.

பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் இல்லாத இடமானாலும், கருப்பு சிவப்புப் பானை ஓடோ துருவேறிய இரும்போ தென்பட்டால் எதையும் எடுக்காமல், கழுவாமல், இருந்தபடியே படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ எழுத்து மூலம் தெரிவியுங்கள். புதையல் இருக்கும் என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். இத்தகைய ஈமக்குழிகளில் பொதுவாகக் கிடைப்பவை எலும்பும் பானையும் இரும்புக் கருவிகளுமே.