முகநூலில் திட்டுவதற்கு முன் கடையில் நியாயம் கேட்பது எப்படி?

ஹட்டன் டவுனில் வாங்கிய தொலைக்காட்சி இரண்டாம் மாதமே இருண்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கடைக்குப் போனால் "அடுத்த கிழமை வாருங்கள்" என்கிறார்கள். பெயர்ப்பலகையைப் படமெடுத்து, "கள்ளர்கள்" என்று முகநூலில் போட்டால் மனம் ஆறும். ஊரே பகிரும். தொலைக்காட்சி மட்டும் இருண்டபடியே கிடக்கும். அதனால் பின்வரும் வரிசையில் போய்ப் பாருங்கள்.

முதலில் காகிதம். பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, தவணைக்கு வாங்கியிருந்தால் அதன் ஒப்பந்தம். இப்போதைய பற்றுச்சீட்டுகளில் எழுத்து சில மாதங்களிலேயே மங்கிவிடும். வாங்கிய அன்றே படமெடுத்து வையுங்கள். உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் திகதியும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

அடுத்து, தவறு யாருடையது? இதைக் கேட்க யாருக்கும் பிடிப்பதில்லை. மலையகத்தில் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலானால் இடியும் மின்னலும்தான். மின்னலாலோ மின்னழுத்தக் கோளாறாலோ வரும் பழுதுக்குப் பல உத்தரவாதங்கள் பொறுப்பேற்பதில்லை. அன்று இடி இடித்ததா? லயத்தில் பக்கத்து வீட்டிலும் ஏதாவது எரிந்துபோனதா? அப்படியானால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பெட்டியைத் திறந்து பார்க்கிறவருக்குப் பெரும்பாலும் தெரிந்துவிடும்; பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்பமாட்டார்கள்.

பேச வேண்டியவரிடம் பேசுங்கள். கவுண்டரில் நிற்கும் பிள்ளை பெரும்பாலும் நம் தோட்டத்துப் பிள்ளைதான். மாற்றிக் கொடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை; அதைத் திட்டி என்ன ஆகப்போகிறது? முகாமையாளரைக் கேளுங்கள். யார், எப்போது, என்ன சொன்னார் என்பதை அன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

வாய்ப்பேச்சில் முடியாவிட்டால் தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள். நீட்டி முழக்கத் தேவையில்லை:

"மார்ச் 8ஆம் திகதி உங்கள் ஹட்டன் கிளையில் வாங்கிய தொலைக்காட்சியில் ஏப்ரல் 30 முதல் ஒலி வருகிறது, படம் வரவில்லை. மே 2ஆம் திகதி கிளையில் முறையிட்டேன். பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்துள்ளேன். திருத்தித் தாருங்கள், முடியாவிட்டால் மாற்றித் தாருங்கள். மே 20ஆம் திகதிக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்."

கவனியுங்கள்: வசை இல்லை, மிரட்டல் இல்லை, என்ன வேண்டும், எப்போதைக்குள் வேண்டும் என்பது இருக்கிறது. பதிவுத் தபாலில் அனுப்பி, தபாலகச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். சொன்ன நாள் வரை பொறுத்திருங்கள். நாமே கொடுத்த தவணையை நாமே மீறினால் நியாயம் எங்கே?

பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கடைக்காரரின் "அடுத்த கிழமை"யை நம்பி நடந்தே காலம் கடந்துவிடும். மார்ச் 8இல் வாங்கியவர் நாட்காட்டியில் ஜூன் 8ஐ இன்றே வட்டமிடட்டும். அரச நிறுவனம் என்பதால் தமிழிலேயே எழுதலாம், தயங்க வேண்டாம். சிக்கல் தொலைபேசி இணைப்பிலோ டேட்டாவிலோ என்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவை நாடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு முகநூலில் எழுதுவதானால் தாராளமாக எழுதுங்கள்; அடுத்தவர் ஏமாறாமல் இருக்க அது உதவும். ஆனால் கையில் காகிதம் உள்ளதை மட்டும் எழுதுங்கள். "மே 20 வரை பதில் வரவில்லை" என்பதை நிரூபிக்கலாம். "கள்ளர்கள்" என்பதை எப்படி நிரூபிப்பீர்கள்? இலங்கையில் அவதூறு 2002இலிருந்து குற்றவியல் குற்றமல்ல என்றாலும், நட்டஈடு கேட்டு வழக்குப் போட இன்றும் வழி உண்டு. ஊழியர்களின் முகமோ பெயரோ வேண்டாம். பற்றுச்சீட்டுப் படத்தைப் போட்டால் உங்கள் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மறைத்துவிடுங்கள்.

பிறகு கடை திருத்திக் கொடுத்தால், அதே பதிவின் மேலேயே திகதியோடு அதையும் சேருங்கள். தனிப் பதிவாகப் போட்டால் பழையதைப் பகிர்ந்தவர்கள் கண்ணில் அது படாது.