கூடைப்பந்து அணியில் கெமிஸ்ட்ரியை வளர்ப்பது எப்படி? பெஞ்சிலிருந்து ஆரம்பியுங்கள்

ஒரு ஆட்டம் எனக்கு மறக்கவே மறக்காது. நான் கோச்சாக இருந்த ஒரு சின்ன கிளப் அணி. கடைசி ஒன்றரை நிமிடம், இரண்டு பாயிண்ட் முன்னால் இருக்கிறோம். எதிரணியின் சென்டர் (கூடைக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான வீரர்) எங்கள் பாயிண்ட் கார்டின் (பந்தை நடத்திச் செல்லும் வீரர்) இடது தோள் பக்கம் ஸ்கிரீன் வைக்க, அதாவது அவர் போகும் வழியை உடலால் மறித்து நிற்க, வருகிறார், ஓடிக்கூட வரவில்லை, நடந்துதான் வருகிறார். அந்த சென்டரைத் தடுக்கும் பொறுப்பில் இருந்த எங்கள் பையனுக்கு அது நன்றாகவே தெரிகிறது. "ஸ்கிரீன், இடது!" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். வாயைத் திறக்கவில்லை. பாயிண்ட் கார்டு நேராகப் போய் முட்டி நின்றார், எதிராளி தனியாக நின்று நிதானமாக மூன்று பாயிண்ட் ஷாட்டைப் போட்டார், தோற்றோம். அப்புறம்தான் தெரிந்தது, அந்த இரண்டு பேரும் பத்து நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை என்று. பயிற்சிக்குத் தாமதமாக வந்ததை ஒருவர் எல்லார் முன்னாலும் சொல்லிக்காட்டியதில் ஆரம்பித்த சண்டை.

வேண்டுமென்றே சொல்லாமல் விட்டார் என்று நான் நினைக்கவில்லை. பத்து நாள் பேசாமல் இருந்த வாய் அவசரத்தில் அரை நொடி தாமதமாகத்தான் திறக்கும், கூடைப்பந்தில் அந்த அரை நொடியில் ஒரு ஷாட் போய்விடும்.

அதனால் டீம் கெமிஸ்ட்ரி என்று யாராவது சொன்னால் எல்லாரும் ஒன்றாகச் சுற்றுவதையோ குரூப் போட்டோவில் சிரிப்பதையோ நான் நினைப்பதில்லை. கோர்ட்டில் நிற்கும் 5 பேரில் ஒருவர் பார்த்ததை எவ்வளவு சீக்கிரம் சொல்கிறார், அதைக் கேட்டவர் திரும்பிப் பார்க்காமலே எவ்வளவு நம்புகிறார், இவ்வளவுதான் என் கணக்கு. இதைக் கவனிக்க முடியும், எழுதிவைக்க முடியும், பயிற்சியில் வளர்க்கவும் முடியும். "அதெல்லாம் தானா அமையணும் சார்" என்று சொல்லிவிட்டு உட்காருகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

முதல் இரண்டு வாரம் பாருங்கள், எதையும் மாற்ற வேண்டாம்

நீங்கள் கோச்சாகவோ கேப்டனாகவோ இருந்தால் ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் ஓடும்போது உங்கள் கண் பந்தின் பின்னால்தான் போகும், அது இயல்பு. எனவே விசில் ஊதி ஆட்டம் நின்றிருக்கும் நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவர் கீழே விழுந்தால் கை கொடுத்துத் தூக்க யார் முதலில் போகிறார், யாருக்கு மட்டும் யாருமே போவதில்லை? மாற்று ஆளாக வெளியே வருபவர் பெஞ்சில் எங்கே போய் உட்காருகிறார், கடைசி நாற்காலியில் தனியாகவா? டைம்-அவுட்டில் யாருடைய கண் உங்கள் மேல் இல்லை? மோசமான பாஸைத் தவறவிட்டவர் கையை விரித்துப் பாஸ் கொடுத்தவரை முறைக்கிறாரா, அல்லது திரும்பி டிஃபென்ஸுக்கு ஓடுகிறாரா? இந்தக் கடைசிக் கேள்வி ஒன்றே போதும், அணியின் பாதி நிலவரம் தெரிந்துவிடும்.

கை தட்டிக்கொள்வது, தோளில் தட்டுவது இதையெல்லாம் எண்ணியே பார்த்திருக்கிறார்கள். மைக்கேல் கிராஸ், கேசி ஹுவாங், டேக்கர் கெல்ட்னர் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் 2008–09 சீசனின் தொடக்க ஆட்டங்களைப் பார்த்து, ஒவ்வொரு அணியின் வீரர்களும் ஒருவரையொருவர் எத்தனை முறை தொடுகிறார்கள் என்று குறித்தார்கள். ஆரம்பத்தில் அதிகம் தொட்டுக்கொண்ட அணிகள் பின்னால் நன்றாக ஆடியிருந்தன. வீரர்களின் சம்பளம், அணிமீது இருந்த எதிர்பார்ப்பு இதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தபோதும் அந்தத் தொடர்பு இருந்தது. 2010-ல் வெளிவந்த ஆய்வு இது.

சரி, அப்படியென்றால் நாளையிலிருந்து எல்லாரும் கை தட்டுங்கள் என்று உத்தரவு போட்டுவிடாதீர்கள். உத்தரவுக்காகத் தட்டும் கை கண்ணைப் பார்க்காது, வீரர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும். ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் விதியாகவே வைக்கலாம், நான் வைத்திருக்கிறேன். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் கோச்சாக இருந்த டீன் ஸ்மித் பல வருடம் கடைப்பிடித்தது அது: கூடையில் போட்டவர் தனக்குப் பாஸ் கொடுத்தவரை விரலால் சுட்டிக்காட்ட வேண்டும். அவ்வளவுதான். இதில் போலித்தனத்துக்கு இடமே இல்லை, ஏனென்றால் பாஸ் கொடுத்தது நடந்த உண்மை, நீங்கள் அதை எல்லாருக்கும் காட்டுகிறீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் பெஞ்சில் இருப்பவர்களும் எழுந்து நின்று பாஸ் கொடுத்தவரைக் காட்டத் தொடங்குவார்கள். அப்புறம் ஸ்கிரீன் வைத்தவரையும் காட்டுவார்கள், அந்த நாள் எனக்குப் பெரிய சந்தோஷம்.

கடைசி மூன்று இடத்துக்கு யாரை எடுப்பது

சர்வதேச கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி ஒரு ஆட்டத்துக்கு 12 பேர். அதில் அதிகபட்சம் 9 பேர்தான் உருப்படியான நேரம் ஆடுவார்கள். மிச்சம் மூன்று இடங்களைப் பெரும்பாலான கோச்சுகள் "அடுத்த திறமை" என்ற வரிசையிலேயே நிரப்புகிறார்கள். அங்கேதான் கோர்ட்டுக்கு வெளியே ஒருவருக்கு இருக்கும் மதிப்பைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

யுடோனிஸ் ஹாஸ்லெமைப் பாருங்கள். டிராஃப்ட்டில், அதாவது என்பிஏ அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், யாரும் எடுக்காத ஆள். 2003-ல் மயாமி ஹீட்டில் சேர்ந்து 2023 வரை, 20 சீசன், அதே அணி. அந்த அணி வென்ற மூன்று கோப்பைகளிலும், 2006, 2012, 2013, அவர் இருந்தார். கடைசிச் சில சீசன்களில் அவர் கோர்ட்டில் இறங்கியதே அபூர்வம், ஆனாலும் ஒவ்வொரு வருடமும் 15 பேர் கொண்ட பட்டியலில் ஒரு இடத்தை அவருக்காக வைத்திருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து பெரிய நட்சத்திரத்தையும் முகத்துக்கு நேராகக் கண்டிக்கக்கூடிய ஒருவர் தேவை என்று அந்த அணிக்குத் தெரிந்திருந்தது.

இங்கே ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள், ஏனென்றால் நானே இதில் ஒரு முறை தவறாக ஆள் எடுத்தேன். நல்ல மனசு, எல்லாருக்கும் பிடித்தவர், ஆனால் பயிற்சியில் வேகம் கிடையாது. பயிற்சி ஆட்டத்தில் முதல் ஐவருக்கு எதிராக நிற்பது இந்தப் பெஞ்ச் ஆட்கள்தான், அவர்கள் தளர்ந்து ஆடினால் முதல் ஐவரும் தளர்ந்துதான் பழகுவார்கள். ஹாஸ்லெம் சொன்னதை மற்றவர்கள் கேட்டதற்குக் காரணம், அவர் அந்தச் சட்டையைப் போட்டு வியர்வை சிந்தியதை எல்லாரும் அறிவார்கள் என்பது. ஆகவே கடைசி மூன்று பேரிடம் முதலில் பாருங்கள்: பயிற்சியில் உயிரைக் கொடுத்து டிஃபென்ஸ் ஆடுகிறாரா? அப்புறம் பாருங்கள்: புதிதாகச் சேர்ந்தவரிடம் தானாகப் போய்ப் பேசுகிறாரா, நீங்கள் கத்தியதை மற்றவர்களுக்குப் புரிகிற பாஷையில் எடுத்துச் சொல்கிறாரா, தன்னை இறக்காத ஆட்டத்துக்கு அடுத்த நாளும் அதே முகத்தோடு வருகிறாரா?

கோர்ட்டில் இறங்குபவர்களிலும் புள்ளிக்கணக்கில் தெரியாத ஆட்கள் உண்டு. ஷேன் பாட்டியே (Shane Battier) என்ற வீரர் இதற்குப் பெயர் போனவர். ஹூஸ்டன் ராக்கெட்ஸில் இருந்தபோது அவருடைய பாயிண்ட், ரீபவுண்ட் எண்ணிக்கையைப் பார்த்தால் சாதாரணம், ஆனால் அவர் கோர்ட்டில் இருக்கும் நிமிடங்களில் அணியின் கணக்கு மேலே போகும். இதை உங்கள் அணியிலும் காகிதத்தில் செய்யலாம்: ஒருவர் இறங்கும்போது ஸ்கோர் என்ன, வெளியே வரும்போது என்ன, வித்தியாசத்தைக் குறியுங்கள். நாலைந்து ஆட்டத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள், யாரோடு சேர்ந்து ஆடினார், எதிரே யார் என்பதெல்லாம் அதில் கலந்திருக்கும். பதினைந்து இருபது ஆட்டம் சேர்ந்த பிறகும் ஒரே பெயர் மேலே இருந்தால், உட்கார்ந்து அந்த வீடியோவைத் திரும்பப் பாருங்கள்.

பங்கு என்ன என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்

அணிக்குள் புகைச்சலுக்குப் பெரிய காரணம் ஆடும் நேரம். தனக்கு எவ்வளவு நேரம் என்று தெரியாதவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஏமாறுகிறார், ஏமாந்தவர் பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் புலம்புகிறார், ஒரு மாதத்தில் பெஞ்ச் தனி அணியாகிவிடுகிறது. எனவே சீசன் ஆரம்பத்திலேயே ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துச் சொல்லுங்கள். "உனக்கு இப்போதைக்கு ஆறு நிமிஷம். அந்த ஆறு நிமிஷத்தில் எனக்கு ஷாட் வேண்டாம், அவர்களுடைய கார்டு மூச்சு வாங்கணும். பத்து நிமிஷம் வேண்டும் என்றால் இடது கை டிரிபிள் சரியாகணும்." கேட்பதற்குக் கசப்பாகத்தான் இருக்கும். ஆனால் தெரிந்த கசப்பை ஆள் தாங்கிக்கொள்வான்.

நட்சத்திரங்களிடமும் இதே பேச்சு வேண்டும். பாஸ்டன் செல்டிக்ஸ் 2006–07-ல் 24 ஆட்டம்தான் வென்றது. அடுத்த சீசனுக்கு கெவின் கார்னெட்டும் ரே ஆலனும் வந்து பால் பியர்ஸோடு சேர்ந்தார்கள், 66 வெற்றி, கோப்பை. கோச் டாக் ரிவர்ஸ் "உபுண்டு" (மற்றவர்கள் இருப்பதால்தான் நான் இருக்கிறேன்) என்ற ஆப்பிரிக்கச் சொல்லை அணியின் முழக்கமாக்கினார், எல்லாரும் அதைத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தச் சொல்லுக்குக் கீழே இருந்தது டிஃபென்ஸ். மூன்று பேரும் ஷாட்டைக் குறைத்துக்கொண்டு டிஃபென்ஸில் ஒருவருக்கொருவர் உதவிக்கு ஓடியதால்தான் அந்த முழக்கத்துக்கு அர்த்தம் வந்தது. கோர்ட்டில் அது நடக்காமல் சுவரில் மட்டும் முழக்கம் எழுதுவதால் ஒரு பயனும் இல்லை.

சண்டை வந்தால்

வரட்டும். ஷகீல் ஓ'நீலும் கோபி பிரையன்ட்டும் ஒத்துப்போகாமலே லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு 2000, 2001, 2002 என்று தொடர்ந்து மூன்று கோப்பை வென்றார்கள், எனவே ஒற்றுமை இல்லாமல் ஜெயிக்கவே முடியாது என்று நான் சொல்லமாட்டேன். அந்த அளவு திறமை கொஞ்ச காலம் எதையும் தாங்கும். 2004 இறுதிச் சுற்றில் அதே லேக்கர்ஸ், கூடவே கார்ல் மலோன், கேரி பேட்டன் என்ற பெரிய நட்சத்திரங்கள் எல்லாம் இருந்தும், டெட்ராய்ட் பிஸ்டன்ஸிடம் 4–1 என்று தோற்றது. அந்தக் கோடையிலேயே ஷகீல் மயாமிக்குப் போய்விட்டார். உங்களிடமும் என்னிடமும் ஷகீல் இல்லை, ஆகவே நமக்கு அந்தக் கொஞ்ச காலமும் கிடைக்காது.

நான் செய்வது இது. சண்டை நடந்த மறுநாள் பயிற்சிக்குள் பேச்சை முடித்துவிட வேண்டும். இரண்டு பேரையும் கூட்டிவைத்துப் பேசுவது கோச்சாக இருக்கக் கூடாது, இருவரும் மதிக்கும் ஒரு சீனியர் வீரர் செய்யட்டும். பேச்சு ஆளைப் பற்றிப் போகக் கூடாது, நடந்த காரியத்தைப் பற்றி மட்டும்: "நீ சுயநலம்" என்றால் நிறுத்திவிட வேண்டும், "அந்த ஃபாஸ்ட் பிரேக்கில் நான் காலியாக இருந்தேன், நீ பார்க்கவில்லை" என்றால் தொடரலாம். பிறகு அன்றைய பயிற்சியில் இருவரையும் ஒரே பக்கம் போடுங்கள். பேசித் தீராத மிச்சம் பாதி சேர்ந்து ஓடும்போது தீர்ந்துவிடும்.

சேர்ந்து இருக்கும் காலத்தைத் திட்டம் போட்டுக் கூட்டுங்கள்

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸில் அமெரிக்க அணி மூன்று ஆட்டம் தோற்றது. முதல் ஆட்டத்திலேயே புவேர்ட்டோ ரிக்கோவிடம் 92–73. அவசரமாகச் சேர்த்த அணி, தயாராகக் கொஞ்ச நாள்தான் கிடைத்தது. அரையிறுதியில் அவர்களை 89–81 என்று வீழ்த்தித் தங்கம் வரை போன அர்ஜென்டினாவின் முக்கிய வீரர்கள் பல வருடமாகச் சேர்ந்து ஆடியவர்கள், 2002 உலகப் போட்டியிலேயே அமெரிக்காவைத் தோற்கடித்தவர்கள். அதற்குப் பிறகு ஜெர்ரி கொலாஞ்சலோ அமெரிக்க அணியின் நிர்வாகப் பொறுப்பெடுத்து, வருகிறவர் மூன்று வருடம் வர வேண்டும் என்று கேட்டார். 2008 பெய்ஜிங்கில் ஸ்பெயினை 118–107 என்று வென்று தங்கம்.

நமக்கு மூன்று வருடம் கிடைக்காது. ஆனால் வாரத்துக்கு நாலு மணி நேரப் பயிற்சியைக் கூட இப்படிப் பயன்படுத்தலாம்: ஜோடிகளைத் தினமும் மாற்றாமல் ஒரு மாதம் அப்படியே வையுங்கள். பாயிண்ட் கார்டும் சென்டரும் ஒரே ஜோடியாகப் பிக்-அண்ட்-ரோலை (ஒருவர் ஸ்கிரீன் வைத்துவிட்டுக் கூடைப் பக்கம் ஓடிப் பாஸ் வாங்குவது) ஒரு மாதம் ஆடினால், பந்தை எந்த உயரத்தில் கொடுத்தால் அவர் பிடிப்பார் என்பது கைக்கே தெரியும். நாலுக்கு நாலு டிஃபென்ஸ் பயிற்சியில் ஒரு விதி: குரல் கொடுக்காமல் தடுத்த ஷாட்டுக்குக் கணக்கு இல்லை, தடுத்திருந்தாலும் மறுபடி முதலிலிருந்து. முதல் நாள் காது வலிக்கும், கோபப்படுவார்கள், விடாதீர்கள்.

என்பிஏவில் 2013 முதல் சிறந்த சக வீரருக்கு ஒரு விருது தருகிறார்கள், அதில் ஓட்டுப் போடுவது வீரர்களேதான். மாரிஸ் ஸ்டோக்ஸ், ஜாக் ட்வைமன் என்ற இரண்டு பேரின் பெயரில் அந்த விருது. 1958-ல் ஸ்டோக்ஸ் ஆட்டத்தில் விழுந்து தலையில் அடிபட்டு, சில நாளில் உடல் செயலிழந்துபோனார். அதே அணியில் ஆடிய ட்வைமன் சட்டப்படி அவருக்குக் காப்பாளராகி, சிகிச்சைக்குப் பணம் திரட்டி, 1970-ல் ஸ்டோக்ஸ் இறக்கும் வரை 12 வருடம் கூட இருந்தார். இதைப் புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் சொல்லாமல் விடுவதே இல்லை.

இன்னும் ஒன்று செய்து பாருங்கள். சீசன் நடுவில் ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம் கொடுத்து இரண்டு பெயர் எழுதச் சொல்லுங்கள், கையெழுத்துப் போட வேண்டாம். கடைசி இரண்டு நிமிடம் யார் பக்கத்தில் நிற்க வேண்டும்? உனக்கு ஒரு கஷ்டம் என்றால் அணியில் யாருக்கு முதலில் போன் போடுவாய்? இரண்டாவது கேள்விக்கு மட்டும் அடிக்கடி வரும் பெயரைத்தான் தேடுகிறீர்கள். எனக்கு ஒரு வருடம் வந்த 12 துண்டுகளில் 7-ல் இரண்டாவது இடத்தில் ஒரே பெயர், ஆட்டத்துக்கு மூன்று நிமிடம் கூட ஆடாத ஒரு ஃபார்வர்டு. அடுத்த வருடம் நிற்கலாமா வேண்டாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. மறுநாள் பயிற்சிக்கு முன் தனியாகக் கூப்பிட்டு அந்த எண்ணிக்கையை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஷூ லேஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "யார் யார் எழுதினாங்கன்னு சொல்லாதீங்க சார்" என்றார். அன்றைக்கு வார்ம்-அப்பில் முதல் குரல் அவருடையது.