நான் எதற்கு இருக்கிறேன்? விசுவாசிக்கிற ஒருவர் இந்தக் கேள்வியோடு என்ன செய்யலாம்

"ஆண்டவர் என் வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் வைத்திருக்கிறார் என்கிறார்கள், அது என்னவென்றுதான் இன்னும் பிடிபடவில்லை" என்று புலம்புகிற பலரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினால் அடியில் வேறொரு கேள்வி இருப்பது தெரியும். நான் எதற்காவது தேறுவேனா என்பதுதான் அது. இந்த இரண்டாவது கேள்வியைத் தீர்க்காமல் முதல் கேள்விக்குப் போனால், கிடைக்கிற எந்த நோக்கமும் உங்களை நீங்களே நிரூபித்துக்கொள்ளும் பரீட்சையாகிவிடும், ஊழியம் உட்பட. அதனால் மதிப்பை முதலில் பார்ப்போம், நோக்கம் அப்புறம்.

இந்த வரிசை நானாகச் சொல்வது இல்லை. யோர்தானில் இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்" என்ற குரல் கேட்டதாக மத்தேயு 3-ஆம் அதிகாரம் சொல்கிறது. அதுவரை அவர் ஒரு பிரசங்கம் செய்ததாகவோ ஒரு நோயாளியைக் குணமாக்கியதாகவோ மத்தேயு எழுதவில்லை. பாராட்டு முன்னாலேயே வந்துவிட்டது. அடுத்த அதிகாரத்தில் சோதனைக்காரன் எங்கே கை வைக்கிறான் பாருங்கள்: "நீர் தேவனுடைய குமாரனேயானால்" இந்தக் கல்லுகளை அப்பமாக்கும், அதாவது செய்து காட்டு. நம்மிடமும் அதே இடத்தில்தான் அடி விழுகிறது.

சரி, முதல் வேலை. ஒரு தாளில் "நான் ______ ஆகிவிட்டால் எனக்கு மதிப்பு வந்துவிடும்" என்று எழுதி, கோடிட்ட இடத்தை உண்மையாக நிரப்புங்கள். நல்ல சம்பளம், கல்யாணம், குழந்தை, அப்பா ஒரு தடவையாவது பாராட்டுவது என்று வரும். சபைக்குப் போகிறவர்களுக்கு இன்னும் நைசான பதில்களும் வரும்: நன்றாக ஜெபிக்கிறவள், எல்லோருக்கும் உதவுகிறவன், ஊழியத்தில் பெயர் எடுத்தவன். பார்க்கப் பக்தியாக இருப்பதால் இவற்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஆனால் ஆளை அரிப்பதில் சம்பளத்துக்குக் குறைந்தவை இல்லை. எழுதியதை உடனே சரிசெய்ய முயல வேண்டாம், இதுதான் என்னை ஓட்டுகிறது என்று தெரிந்துகொண்டால் இப்போதைக்குப் போதும்.

அடுத்தது வாசிப்பு. ஆறுதலான வசனங்களைப் பொறுக்கி வாசிப்பதைவிட, ஒரு பகுதியை முழுதாக எடுத்துக்கொண்டு பல நாட்கள் அதிலேயே இருப்பது நல்லது. 139-ஆம் சங்கீதம், லூக்கா 15, எபேசியர் முதல் இரண்டு அதிகாரங்கள், இந்த மூன்றும் தொடக்கத்துக்குப் போதும். லூக்காவில் காணாமல்போன ஆடும் காசும் தங்களைக் கண்டுபிடிக்கவைக்க ஒன்றுமே செய்யவில்லை, செய்யவும் முடியாது; தேடுகிறவருக்கு அவை வேண்டும், அவ்வளவுதான். அதே அதிகாரத்தில், சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டு வீடு திரும்பும் இளைய மகன் "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்" என்று சொல்லத் தயார் செய்துகொண்டு வருகிறான், அப்பா அந்த வரிவரை அவனைப் பேச விடுவதில்லை. மூத்தவன் கதை இன்னும் சங்கடமானது, இத்தனை வருஷம் உழைத்தேனே என்று கணக்குச் சொல்கிறவன் அவன்தான். நீங்கள் இருவரில் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

வாசிக்கும்போது, இது யாருக்கு எந்த நிலையில் சொல்லப்பட்டது என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். எரேமியா 29:11-ஐ வாக்குத்தத்த அட்டையில் பார்த்திருப்பீர்கள், உங்களைப்பற்றி நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல சமாதானத்துக்கேதுவானவை என்ற வசனம். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தைய வசனம் 70 வருஷம் காத்திருக்கச் சொல்கிறது, அதற்கும் கொஞ்சம் முன்னால் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கும் அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று இருக்கிறது. அடுத்த மாதமே வேலை கிடைக்கும் என்று அதை வாசித்துவிட்டு ஏமாந்து விசுவாசத்தையே விட்டவர்கள் உண்டு. கடிதம் முழுவதையும் வாசித்திருந்தால், பிடிக்காத இடத்தில் மாட்டிக்கொண்டு இருக்கும் காலத்தையும் ஆண்டவர் வீணாகக் கணக்கிடுவதில்லை என்ற நல்ல செய்தி அவர்களுக்குக் கிடைத்திருக்கும்.

ஜெபத்தில் நடிக்க வேண்டாம். மனசு காய்ந்துபோய் இருக்கும்போது ஸ்தோத்திரம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், ஒரு கட்டத்தில் யாரோ மூன்றாம் மனிதரிடம் பேசுவதுபோல் ஆகிவிடும். சங்கீதம் 13 "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று சண்டையோடு தொடங்குகிறது, 88 கடைசிவரை இருட்டாகவே முடிகிறது, இரண்டையும் யாரும் வேதத்திலிருந்து எடுத்துவிடவில்லை. வார்த்தை வராத நாளில் அவற்றையே வாய்விட்டு வாசியுங்கள், அதுவும் ஜெபம்தான். குற்றவுணர்வு அழுத்தினால் பொதுவாக "நான் பாவி" என்று சொல்லிக்கொண்டே இருப்பதில் பலன் குறைவு. செய்தது இன்னது என்று பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள், சம்பந்தப்பட்டவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் கேளுங்கள், அப்புறம் அதைத் தோண்டாதீர்கள். தன்னைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த சீஷன் பேதுருவிடம் இயேசு மூன்று முறை கேட்டது தன்னை நேசிக்கிறாயா என்றுதான், கேட்ட கையோடு தன் ஆடுகளையும், அதாவது தன் மக்களையும், அவனிடமே ஒப்படைத்தார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும், நான் என் பிதாக்களைப் பார்க்கிலும் நல்லவன் அல்ல" என்றபோது, அவனுக்கு உபதேசம் வரவில்லை. தூக்கம், சுட்ட அடை, தண்ணீர், மறுபடியும் தூக்கம், மறுபடியும் சாப்பாடு. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற பேச்சு, அவன் 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் வந்தது. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல், உயிரோடு இருப்பதே பாரமாகத் தோன்றினால் மருத்துவரைப் பாருங்கள். சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அவரைக் கூட வைத்துக்கொண்டு உதவி தேடுங்கள். மாத்திரை எடுப்பதை அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் இந்த 1 இராஜாக்கள் 19-ஐ அவருக்குக் காட்டலாம்.

இனி நோக்கம். இதைப் புதையல்போல் எங்கோ ஒளித்துவைத்து நம்மை அலையவிடுகிறார் என்ற எண்ணத்தை முதலில் தூக்கிப் போடுங்கள். பெரும்பகுதி வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருக்கிறது: "நியாயஞ்செய்து, இரக்கத்தைச் சிநேகித்து, உன் தேவனுக்கு முன்பாக மனத்தாழ்மையாய் நடப்பதை அல்லாமல் வேறே என்னத்தைக் கர்த்தர் உன்னிடத்தில் கேட்கிறார்" என்கிறது மீகா 6:8. எந்த வேலை, எந்த ஊர், யாரைக் கல்யாணம் செய்வது என்பதெல்லாம் அதற்குள் அடங்கும் விவரங்கள், அவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட நல்ல வழிகள் இருக்கலாம்.

தனிப்பட்ட பங்கைக் கண்டுபிடிக்க, ஆண்டவர் மோசேயிடம் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்கலாம்: "உன் கையிலிருக்கிறது என்ன?" அவனிடம் இருந்தது ஆடு மேய்க்கும் கோல். உங்களிடம் கணக்குத் தெரியலாம், பொறுமையாகக் கேட்கிற காது இருக்கலாம், ஒரு இழப்பைத் தாண்டிவந்த அனுபவம் இருக்கலாம். யோப்பாவில் இருந்த தொற்காள் இறந்தபோது, விதவைகள் அழுதுகொண்டே அவள் தைத்துக்கொடுத்த உடைகளைப் பேதுருவிடம் காட்டியதாக அப்போஸ்தலர் 9 சொல்கிறது. அவள் பேசிய ஒரு வாக்கியம்கூட வேதத்தில் இல்லை, அந்த உடைகளைப் பற்றி இன்றைக்கும் வாசிக்கிறோம். உங்களை நன்றாகத் தெரிந்த இரண்டு மூன்று பேரிடம் "நான் எதைச் செய்யும்போது உங்களுக்குப் பயன்பட்டேன்?" என்று நேராகக் கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், ஆனாலும் நீங்கள் நினைத்திராத பதில் ஒன்றாவது வரும். வந்த பதிலில் ஒன்றை எடுத்துச் சின்னதாக, ஒரே ஒருவருக்காக, சில மாதங்கள் செய்து பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் விட்டுவிடலாம்.

சம்பளத்துக்குச் செய்யும் வேலையைத் தாழ்த்த வேண்டாம், பவுல் கூடாரம் செய்து பிழைத்தவர். ஆனால் "எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே செய்யுங்கள்" என்ற வசனத்தைக் காட்டி உங்களிடம் அநியாயமாக வேலை வாங்குகிறவர்கள் இருந்தால், கொலோசெயரில் அந்தப் பகுதி எஜமான்கள் நீதியும் செவ்வையுமாய் நடக்க வேண்டும் என்றுதான் போய் முடிகிறது என்பதையும் வாசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரவில் படுப்பதற்கு முன் இன்றைக்கு எங்கே உயிர்ப்பாக இருந்தேன், எங்கே சுருங்கிப்போனேன் என்று ஆண்டவர் முன்னால் திரும்பிப் பார்ப்பது நல்ல பழக்கம். இதுபோன்ற ஆத்தும சோதனையை 16-ஆம் நூற்றாண்டில், இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் தன் சபையாருக்குக் கற்றுக்கொடுத்தார், கத்தோலிக்கர் அல்லாதவர்களும் தாராளமாகச் செய்யலாம். ஒரு வரி எழுதிவைத்தால், மாதக்கடைசியில் சேர்த்துப் பார்க்கும்போது திரும்பத் திரும்ப வருகிற விஷயம் கண்ணில் படும்.

இதையெல்லாம் தனியாகச் செய்வது கடினம், அதனால் உங்களைப் பெயர் சொல்லிக் கேட்கிற ஒரு சின்னக் கூட்டமாவது தேவை. கூட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். உங்கள் எதிர்காலத்தை உங்களுக்குப் பதில் முடிவு செய்கிறவர், காணிக்கைக்கு ஏற்ப ஆசீர்வாதம் அளக்கிறவர், கேள்வி கேட்டால் கோபப்படுகிறவர், இவர்களில் யாராவது "உன்னைப்பற்றி எனக்கு வெளிப்பட்டது" என்று தொடங்கினால் உடனே ஒரு முடிவும் எடுக்காதீர்கள்; வீட்டுக்கு வந்து வேதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அந்தச் சபைக்குச் சம்பந்தமில்லாத மூத்த விசுவாசி ஒருவரிடம் கேளுங்கள், ஒத்துவராவிட்டால் வேறு கூட்டம் தேடுங்கள்.