மரப்படகு கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் கையால் கட்டிய படகில் பாய் காற்றைப் பிடித்ததும் சுக்கான் பிடி உள்ளங்கையில் லேசாக இழுக்கும். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடு கிடையாது. அதனால்தான், நான் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளைப் புதியவர்கள் செய்யும்போது மனம் கேட்பதில்லை. அளந்து வெட்டுவது, கையுறை போடுவது எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெட்டிய ஓரத்தையும் திருகுத் துளையையும் பூசாமல் விடுவது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். பி.எஸ். 1088 என்ற பிரிட்டிஷ் தர முத்திரை பார்த்து, நிறையக் காசு கொடுத்து மரைன் பிளைவுட் (படகுக்கான ஒட்டுப்பலகை) வாங்குவார்கள். சரி, நல்லது. அதன் அடுக்குகளை ஒட்டும் பசை கொதிநீரையும் தாங்கும். ஆனால் மரம் அழுகாது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. பலரும் விரும்பும் ஒக்கூமே என்ற ஆப்பிரிக்க மரத்தின் பலகை எடை குறைவு, அழுகலைத் தாங்கும் சக்தியும் குறைவு.

பலகையின் முகப்பில் நீர் மெதுவாகத்தான் இறங்கும். வெட்டிய ஓரமோ விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் இழுத்துக்கொள்ளும். மேலே பெயிண்ட் இருப்பதால் ஈரம் எளிதில் வெளியேறாது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்கும்வரை பூஞ்சை வளராது, அதற்கு மேலே போய் நின்றால் ஆபத்து. இதில் கடல்நீரைவிட, படகுக்குள் தேங்கும் மழைநீர்தான் மோசம்.

ஒருவர் ஆசை ஆசையாய்க் கட்டிய படகைக் காட்ட அழைத்திருந்தார். துடுப்பைத் தாங்கும் கொண்டியின் திருகைச் சுற்றி, வார்னிஷுக்கு அடியில் கறுப்பாய் ஒரு வளையம். கட்டைவிரலால் அழுத்தினேன், நகம் உள்ளே இறங்கியது. திருகு விரலோடு வந்துவிட்டது. விளிம்புக் கட்டையோடு பக்கப் பலகையிலும் ஒரு துண்டை அறுத்தெடுக்க வேண்டியதாயிற்று. துளையில் கொஞ்சம் எபாக்சி (பிசினோடு, அதை இறுகவைக்கும் ஹார்டனரைக் கலந்து பூசும் பொருள்) விட்டிருந்தால் இத்தனை வேலையும் இல்லை.

ஓரத்தில் ஒரு கை எபாக்சி பூசுங்கள், மரம் குடித்துவிடும். பிசுக்கு இருக்கும்போதே அடுத்த கை. பளபளப்பு நிற்கும்வரை விடாதீர்கள். திருகுக்கு வேண்டியதைவிடப் பெரிய துளை போட்டு, கெட்டியாகக் குழைத்த எபாக்சியால் அடைத்து, இறுகியபின் அதன் நடுவில் சரியான துளை போடுங்கள். திருகு மரத்தைத் தொடவே கூடாது. அப்புறம், வெயில் பட்டால் எபாக்சி கெட்டுப்போகும். மேலே பெயிண்டோ, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷோ கட்டாயம்.

சீக்கிரம் இறுக ஹார்டனரைக் கூட்டுவது

அளவு கூடினால் எபாக்சி சரியாக இறுகாது, பிசுபிசுவென்றே நிற்கும். அவசரமென்றால் வேகமாக இறுகும் வகை ஹார்டனரை வாங்கி, டப்பாவில் சொன்ன விகிதத்திலேயே கலக்குங்கள்.

எபாக்சியைக் கழுவாமல் உப்புத்தாள் போடுவது

இறுகிய எபாக்சி மேல் வழுக்கும் படலம் படியலாம். முதலில் தண்ணீரால் கழுவுங்கள்.

மிதவை அறை வைக்காமல் விடுவது

படகில் நீர் நிறைந்தாலும் மூழ்காமல் தாங்கும், காற்று அடைபட்ட அறை இது. இதை விட்டுவிடவே கூடாது.

கவிழ்த்துப் பார்க்காமல் கிளம்புவது

காற்று குறைந்த நாளில், கரைக்குப் பக்கத்தில், லைஃப் ஜாக்கெட் போட்டு, துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு நீங்களே படகைக் கவிழ்த்துப் பாருங்கள். நிமிர்த்த முடிகிறதா, ஏற முடிகிறதா, ஏறியபின் நீரை இறைத்துத் தீர்க்க முடிகிறதா என்று தெரிந்துவிடும். இறைக்கும் வாளியைக் கயிறு போட்டுப் படகோடு கட்டிவையுங்கள், கவிழ்ந்தால் முதலில் காணாமல் போவது அதுதான்.