ஆங்கிலச் சொற்களை வீடு வீடாகப் படிப்பது எப்படி? ‘ஆர்டர்’ என்ற சொல்லில் தொடங்கும் பயிற்சி

பிளஸ் டூ முடித்த விடுமுறையில் ஆங்கில அகராதியை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். ‘பி’ எழுத்தைத் தொடுவதற்குள் நின்றுபோனது. அகரவரிசை என்பது தெரியாத சொல்லைத் தேடிப் பிடிக்க அருமையான ஏற்பாடு, மனதில் நிறுத்த உதவாது. ‘ஆர்டர்’ என்ற சொல்லுக்கு முன்னால் கடுஞ்சோதனையைக் குறிக்கும் ‘ஆர்டீல்’ நிற்கும், சற்றுத் தள்ளி உலோகத் தாதுவைக் குறிக்கும் ‘ஓர்’ நிற்கும். ஒன்றுக்கொன்று உறவே இல்லை. உறவில்லாத சொற்கள் தங்காது.

நம் முன்னோர் இதை வேறு மாதிரி செய்தார்கள். திவாகர நிகண்டில் தெய்வப் பெயர் ஒரு தொகுதி, மக்கட் பெயர் ஒரு தொகுதி, மரப் பெயர் ஒரு தொகுதி என்று பொருள்தான் வரிசையைத் தீர்மானிக்கிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்தவர் லண்டனில் பிறந்த மருத்துவர் பீட்டர் மார்க் ரோஜே. 1805இல் தன் சொந்தப் பயன்பாட்டுக்காகச் சொற்பட்டியல் ஒன்றைத் தொகுத்தார். அது விரிந்து ‘தெசாரஸ்’ என்ற பெயரில் 1852இல் அச்சானபோது அவருக்கு வயது 73. மொத்தம் 6 பெரும்பிரிவுகள், 1000 தலைப்புகள். ஒவ்வொரு தலைப்பும் உறவுள்ள சொற்கள் சேர்ந்து வாழும் ஒரு வீடு. இதே முறையில் அமைந்த முந்தைய நூலாக நம் நாட்டுச் சமஸ்கிருத நிகண்டான அமரகோசத்தை அவரே அதில் குறிப்பிட்டிருக்கிறார். எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி.

இனி செய்முறை. ஒரு நோட்டு, ஒரு பேனா, அரை மணி நேரம் போதும். ரோஜேயின் தெசாரஸ் நூலின் 1911ஆம் ஆண்டுப் பதிப்பு புராஜெக்ட் குட்டன்பெர்க் என்ற மின்னூல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

படி 1: எந்த ‘ஆர்டர்’ என்று முடிவு செய்யுங்கள்

ஹோட்டலில் கொடுப்பதும் ஆர்டர், நீதிமன்றம் போடுவதும் ஆர்டர், பெயர்ப் பட்டியலின் வரிசையும் ஆர்டர். லத்தீனில் இதன் மூலச்சொல்லுக்கு வரிசை என்று பொருள். ரோஜே இவற்றைக் கலக்கவில்லை. கட்டளை என்ற பொருள் 741ஆம் தலைப்பில் இருக்கிறது, ஒழுங்கு என்ற பொருள் 58ஆம் தலைப்பில். நமக்கு வேண்டியது 58. தளத்தில் அந்த எண்ணைத் தேடி அங்கே போய்விடுங்கள்.

படி 2: பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள்

நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ஆர்டர், வலப்பக்கம் டிஸ்ஆர்டர். ரோஜேயின் 59ஆம் தலைப்பே அதுதான். எதிரெதிர்ப் பொருள்களை அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று நினைவுக்கு வந்தால் மற்றது கூடவே வந்துவிடும்.

படி 3: தெரிந்த முகங்களை மட்டும் எடுங்கள்

அந்தத் தலைப்புகளில் லத்தீன் தொடர்களும் வழக்கொழிந்த சொற்களும் நிறைய. மிரள வேண்டாம். எங்காவது காதில் விழுந்த ஐந்தாறு சொற்களை மட்டும் பொறுக்குங்கள். இடப்பக்கம் மெத்தட், ரொட்டீன், சீரீஸ். வலப்பக்கம் மெஸ், கேயாஸ், கன்ஃப்யூஷன்.

படி 4: ஒவ்வொரு சொல்லுக்கும் துணை தேடுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். தெசாரஸ் உறவினர்களைக் காட்டும், அவர்களுக்குள் உள்ள வேறுபாட்டைச் சொல்லாது. அதை நல்ல அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியங்களில் பார்த்து எழுதுங்கள்.

துணிமணி கலைந்து கிடக்கும் அறை ‘மெஸ்’. சிக்னல் வேலை செய்யாத நாற்சந்தி ‘கேயாஸ்’. இரண்டு பேர் பெயர் மாறிப்போய் யார் எவர் என்று விளங்காத நிலை ‘கன்ஃப்யூஷன்’. ‘டிஸ்ஆர்டர்’ என்பதையோ இன்று உடல், மனநலக் கோளாறுகளுக்கும் பொது அமைதி குலைவதற்கும்தான் அதிகம் சொல்கிறார்கள். பிள்ளையின் அறையைப் பார்த்து அப்படிச் சொன்னால் பொருந்தாது. லிஃப்ட் ஓடவில்லை என்றால் பலகையில் ‘அவுட் ஆஃப் ஆர்டர்’ என்றிருக்கும், அங்கே ‘டிஸ்ஆர்டர்’ வராது. ‘அவுட் ஆஃப் ஆர்டர்’ என்று முழுத் தொடராகவே எழுதிக்கொள்ளுங்கள்.

படி 5: அடுத்த வீட்டுக்குப் போங்கள்

58 ஒழுங்காக இருக்கும் நிலை. ஒழுங்குபடுத்தும் செயல் 60ஆம் தலைப்பு, அரேஞ்ச்மென்ட். இங்கே வினைச்சொற்கள் முக்கியம். பூக்களையும் நாற்காலிகளையும் ‘அரேஞ்ச்’ செய்வோம். கலந்து கிடக்கும் கடிதங்களை வகைபிரித்தால் ‘சார்ட்’ (sort). தாள்களை உரிய கோப்பில் சேர்த்தால் ‘ஃபைல்’. இதே வரிசையில் சரமாகக் கோப்பது என்ற பொருளிலும் ஒரு தொடர் வருகிறது. பாட்டுகளைத் தொகுத்துக் ‘கோவை’ என்று பெயர் வைத்த நமக்கு அது புதிதல்ல. ‘சீரீஸ்’ என்ற சொல்லின் லத்தீன் வேரும் கோத்தல், இணைத்தல் என்ற பொருளுடையதுதான்.

ஓர் எச்சரிக்கை. அரேஞ்ச்மென்ட்டுக்கு எதிரே 61ஆம் தலைப்பாக ‘டிரேஞ்ச்மென்ட்’ இருக்கும். ரோஜே காலத்தில் அடுக்கு குலைவதையும் அது குறித்தது. இன்று ஒருவரை ‘டிரேஞ்ச்ட்’ என்றால் மனநிலை பிறழ்ந்தவர் என்று பொருள்படும். பழைய பதிப்பில் எடுக்கும் எந்தச் சொல்லையும் இன்றைய அகராதியில் ஒருமுறை பார்த்த பிறகே நோட்டில் ஏற்றுங்கள்.

படி 6: வாயால் சொல்லிப் பாருங்கள்

நோட்டை மூடிவிட்டு வீட்டு அலமாரி முன்னால் நில்லுங்கள். எது ஒழுங்காக இருக்கிறது, எது கலைந்திருக்கிறது, எதை முதலில் பிரித்து வைப்பீர்கள் என்று ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம் சத்தமாகச் சொல்லுங்கள். தடுமாறிய சொல்லுக்கு மட்டும் நோட்டில் ஒரு புள்ளி வையுங்கள். மூன்று நாள் கழித்து அந்தப் புள்ளிகளை மட்டும் பார்த்தால் போதும்.

அடுத்த வாரத்துக்கு 66, 67ஆம் தலைப்புகளை எடுங்கள். தொடக்கமும் முடிவும். அதே நடுக்கோடு, அதே இரண்டு பக்கம்.